மஹன், மஹான் ஆன கதை

‘அவங்கப்பா ஒரு எம்டன்’ என்றால் நமக்கு விளக்கம் தேவைப்படாது. கறார் பேர்வழி. எமகாதகன். எதிரே நின்று வாய் திறக்க முடியாத ஆசாமி. 2006-ல் ‘எம்டன் மகன்’ என்று ஒரு சினிமாவே வந்தது, பெயரை அப்புறம் சுருக்கிக்கொண்டார்கள். இந்த வார்த்தையை நமக்குத் தந்துவிட்டுப் போனது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல்.

1914, செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி வாக்கில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே இருட்டில் வந்து நின்றது எம்டன். சுமார் 130 குண்டுகளைச் சுட்டுவிட்டுப் போயேவிட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. செத்தவர்கள் சில பேர்தான். மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மெட்ராஸில் குண்டு போட்டது எம்டனின் சைடு பிசினஸ். அதன் முழுநேரத் தொழில் வேறு. வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் சரக்குக் கப்பல்களை வழிமறித்துப் பிடிப்பது. மூன்று புகைபோக்கி உள்ள கப்பலுக்கு நாலாவதாக ஒரு டம்மி புகைபோக்கி மாட்டி, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் கட்டுவார் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். மாட்டுகிற கப்பலின் மாலுமிகளை மரியாதையாக இறக்கி இன்னொரு கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, கப்பலை மூழ்கடிப்பார். இரண்டு மாதத்தில் இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்கள் சிக்கின. மூழ்கியதைவிடப் பெரிய விஷயம், பயத்தில் கிளம்பாமலே துறைமுகத்தில் நின்றுவிட்ட கப்பல்கள். இன்ஷூரன்ஸ் கட்டணம் எகிறியது. வங்காள விரிகுடாவில் வியாபாரமே படுத்துவிட்டது. ஒற்றைக் கப்பல், அவ்வளவுதான்.

கடற்படை பாஷையில் இதற்கு ‘காமர்ஸ் ரெய்டிங்’ என்று பேர். நான் பி.காம். காமர்ஸ் என்ற வார்த்தையைப் போர்ப் புத்தகத்தில் பார்த்ததும் சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்த மாதிரி நின்றுவிட்டேன். மரைன் இன்ஷூரன்ஸ் பாடத்தில் ‘போர் அபாயம் இதில் சேராது’ என்று ஒரு ஷரத்து வரும். எங்கள் பேராசிரியர் அதைத் தாண்டி ஓடிவிடுவார். பரீட்சைக்கு வராது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப் போய்த்தான், திருவல்லிக்கேணி பிளாட்பாரக் கடையில் இந்தப் புத்தகத்தைப் பிடித்தேன்.

‘கடல் பலம் சரித்திரத்தின்மீது செலுத்திய செல்வாக்கு, 1660-1783’. எழுதியவர் ஆல்ஃபிரட் தாயர் மஹன். அமெரிக்கக் கடற்படை கேப்டன். வெளிவந்த வருஷம் 1890. கடற்படை அதிகாரிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வேதப் புத்தகம்போல் வைத்துக் கும்பிடுகிற நூல். நம்மூர் கே.எம். பணிக்கர் 1945-ல் இந்தியப் பெருங்கடல் பற்றி எழுதிய புத்தகத்தின் துணைத் தலைப்பே இதிலிருந்து இரவல் வாங்கியதுதான்.

மஹன் என்று எழுதும்போது ஒரு கால் சேர்த்துப் போட்டால் மஹான் ஆகிவிடுகிறது. உலகம் அந்தக் காலைப் போட்டுவிட்டது. போடலாமா என்பதுதான் என் சந்தேகம்.

முதலில் ஆளைப் பற்றி. மஹன் கப்பல் ஓட்டுவதில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியவர் இல்லை. கடலில் இருப்பதைவிட மேஜையில் இருப்பதே அவருக்குப் பிடிக்கும். 1884-ல் அவருடைய கப்பல் பெரு நாட்டில் நின்றிருந்தபோது, லிமா நகரத்து இங்கிலீஷ் கிளப் நூலகத்தில் ரோமாபுரிச் சரித்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஹானிபல் ஏன் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, யானையையும் ஆளையும் பலி கொடுத்து, அவ்வளவு கஷ்டப்பட்டு ரோமுக்கு வந்தான்? கப்பலில் வந்திருக்கலாமே? வர முடியவில்லை. கடல் ரோமின் கையில் இருந்தது. அங்கேதான் மஹனுக்குப் பொறி தட்டியது. நியூபோர்ட்டில் புதிதாக ஆரம்பித்திருந்த கடற்படைக் கல்லூரியில் பாடம் நடத்தக் கூப்பிட்டார்கள். பாடக் குறிப்புகள் புத்தகமாயின.

முதல் அத்தியாயம் பிரமாதம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடலைப் பாலைவனமாகவோ அரணாகவோ பார்க்காமல் பொது ரோடாகப் பார்க்கச் சொல்கிறார். யார் வேண்டுமானாலும் போகலாம், எந்தத் திசையிலும் போகலாம், தரை வழியைவிடச் செலவு குறைவு. அந்த ரோட்டில் சரக்கு போகிறது. சரக்கைக் காப்பாற்றத்தான் கடற்படை. வணிகக் கப்பல் இல்லாத நாட்டுக்கு, அடுத்தவன் மண்மேல் ஆசையும் இல்லையென்றால், கடற்படையே தேவையில்லை என்கிற அளவுக்குப் போகிறார். ஒரு நாட்டின் கடல் பலத்துக்கு ஆறு அம்சங்கள் சொல்கிறார்: இருக்கும் இடம், கரையின் அமைப்பு, நிலப்பரப்பு, மக்கள் தொகை, மக்களின் சுபாவம், அரசாங்கத்தின் சுபாவம். இதில் பீரங்கியே இல்லை, கவனித்தீர்களா? ஒரு காமர்ஸ் வாத்தியார் எழுதியிருக்க வேண்டிய அத்தியாயம்.

அதற்கப்புறம்தான் கோளாறு. இரண்டாம் அத்தியாயத்திலிருந்து மனிதர் சண்டைக்குள் இறங்கிவிடுகிறார். இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும், இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும். எந்தக் கப்பல் எந்த வரிசையில் நின்றது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, யார் யாரை வளைத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் படம். முதல் அத்தியாயத்தில் ரோடாக இருந்த கடல் இப்போது மல்யுத்த மேடை. அவர் முடிவு இதுதான்: கப்பல் படையை ஒன்றாகச் சேர்த்து வை, எதிரியின் முக்கியப் படையைத் தேடிப் போ, ஒரே சண்டையில் முடி. மற்றதெல்லாம் தானாக வரும். எம்டன் செய்தது போன்ற சரக்குக் கப்பல் வேட்டையெல்லாம் தொந்தரவு கொடுக்குமே தவிர, போரை ஜெயித்துத் தராது.

வேடிக்கை என்னவென்றால், அவர் கதைகளே அவருக்கு ஒத்துழைப்பதில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். நம்ம ஊர்க் கடல். 1782, 83. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான், பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் ஹியூஸ். சுஃப்ரான் பயங்கர குண்டு, பயங்கர சூரர். மஹனுக்கு இவர்மீது காதல் என்றே சொல்லலாம். சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே ஒரு சண்டை. இலங்கையின் கிழக்குக் கரையில் ஒன்று. நாகப்பட்டினம், திருகோணமலை, கடைசியாகக் கடலூர். மொத்தம் ஐந்து. பாய்மரங்கள் முறிந்தன, நூற்றுக்கணக்கில் ஆட்கள் செத்தார்கள். ஆனால் இந்த ஐந்து சண்டையிலும் இரண்டு பக்கமும் ஒரு கப்பலைக்கூட எதிரியிடம் இழக்கவில்லை! கடலூர்ச் சண்டை நடந்தது 1783 ஜூன் 20. ஐரோப்பாவில் சமாதான முன்வரைவில் கையெழுத்துப் போட்டதோ அதே வருஷம் ஜனவரியில். சேதி வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். முடிந்துபோன போருக்காகக் கடலூர்க் கடலில் செத்தவர்களை நினைத்தால் என்னவோ செய்கிறது.

சுஃப்ரானின் உண்மையான பிரச்னை ஹியூஸ் இல்லை. மரம், கயிறு, சோறு. சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவமழைக்கு ஒதுங்க நல்ல துறைமுகம் கிடையாது. பிரிட்டிஷார் பம்பாய்க்குப் போய் ரிப்பேர் பார்த்துக்கொண்டு வருவார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. அதற்காகத்தான் திருகோணமலையைப் பிடித்தார். இதையெல்லாம் மஹனே எழுதுகிறார். ஆனாலும் அத்தியாயத்தை முடிக்கும்போது மனசு சண்டைக்கே திரும்பிவிடுகிறது. மளிகைக் கணக்கைத் தானே கூட்டிவிட்டு விடையைப் பார்க்காமல் எழுந்து போகிற மாதிரி.

இன்னொன்று. 1781 செப்டம்பர் 5, அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவின் வாயில். பிரெஞ்சுக் கப்பல் படையும் பிரிட்டிஷ் படையும் சில மணி நேரம் சுட்டுக்கொண்டன. யாருக்கும் வெற்றி என்று சொல்ல முடியாத சண்டை. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் வாசலை விடவில்லை. உள்ளே யார்க்டவுனில் இருந்த கார்ன்வாலிஸுக்கு உதவியும் வரவில்லை, வெளியேற வழியும் இல்லை. அக்டோபர் 19 அன்று சரணடைந்தார். அமெரிக்கா என்ற நாடு கைக்கு வந்த கணக்கு இது. கப்பலை மூழ்கடித்ததால் வந்ததில்லை, ரோட்டை அடைத்ததால் வந்தது.

ஆக, இது ஒரே அட்டைக்குள் இரண்டு புத்தகம். ஒன்று சரக்கைப் பற்றியது, ஒன்று சண்டையைப் பற்றியது. சண்டைக்குத்தான் ரசிகர் மன்றம். ஜெர்மன் கைசர் இரண்டாம் வில்லியம் இதை மனப்பாடம் செய்கிறேன் என்று 1894-ல் எழுதினார். தன் போர்க்கப்பல் எல்லாவற்றிலும் ஒரு பிரதி வைத்தார். அப்புறம் கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய கப்பல் படை, 1916 மே 31 அன்று ஜட்லண்ட் சண்டையில் பிரிட்டனுக்கு அதிக நஷ்டத்தைக் கொடுத்துவிட்டு, துறைமுகத்துக்குத் திரும்பிப் போனது. பிரிட்டனின் முற்றுகை அப்படியே இருந்தது. ஜெர்மனியில் பட்டினியும் அப்படியே.

ஆனால் மஹனுக்குக் கால் போட்டு மஹான் ஆக்கியவர்கள் ஜப்பானியர்கள். தன் எழுத்து வேறெந்த மொழியையும்விட ஜப்பானியில்தான் அதிகம் மொழிபெயர்க்கப்பட்டது என்று மஹனே பெருமைப்பட்டிருக்கிறார். அகியாமா சனெயுகி என்ற இளம் அதிகாரி அமெரிக்காவுக்குப் போய் அவரை நேரில் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். அந்த அகியாமாதான் பின்னால் அட்மிரல் டோகோவுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர்.

1905 மே 27, 28. சுஷிமா ஜலசந்தி. ரஷ்யாவின் பால்டிக் படை ஏழு மாதம் பாதி உலகத்தைச் சுற்றி, களைத்து, கரி சுமந்து வந்து சேர்ந்தது. டோகோ இரண்டே நாளில் அதைத் துடைத்துப் போட்டார். ரஷ்யர் நாலாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். ஜப்பான் பக்கம் 117 பேர், மூன்று டார்பிடோ படகு. மஹன் புத்தகத்தில் வரைந்திருந்த படத்துக்கு உயிர் வந்தது மாதிரி ஒரு வெற்றி.

இவ்வளவு சுத்தமாக ஜெயிப்பது ஒரு துரதிர்ஷ்டம். அடுத்த நாற்பது வருஷத்துக்கு ஜப்பான் கடற்படை இதே கனவைத் திரும்பத் திரும்பக் கண்டது. அமெரிக்கப் படை பசிபிக்கைத் தாண்டி வரும், நாம் காத்திருந்து ஒரே அடியில் முடிப்போம் என்று. சுஷிமாவுக்கு முன்பே போர்ட் ஆர்தர் விழுந்துவிட்டது, முக்டன் சண்டை முடிந்துவிட்டது, அந்தப் போரை நடத்தியதே லண்டனிலும் நியூயார்க்கிலும் வாங்கிய கடனில்தான், ஜெயித்த கையோடு சமாதானம் பேச ஆள் தேடியதும் ஜப்பான்தான்... இந்தக் கணக்கெல்லாம் வெற்றி விழாவில் யார் காதிலும் விழவில்லை.

இப்போது 1941. எண்ணெய் இல்லை. பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தது, நிறுத்திவிட்டார்கள். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளின் எண்ணெய் வயல்களைப் பிடிக்கத்தான் போரே. டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர். விமானங்கள் போர்க்கப்பல்களைத் தேடித் தேடி அடித்தன. பக்கத்திலேயே இருந்த எண்ணெய்த் தொட்டிகளை விட்டுவிட்டன. ரிப்பேர் பட்டறையை விட்டுவிட்டன. நீர்மூழ்கித் தளத்தை விட்டுவிட்டன. எண்ணெய்க்காகப் போருக்குக் கிளம்பியவன், எதிரியின் எண்ணெயை விட்டுவிட்டு வருகிறான்! எம்டன் கேப்டன் முல்லர் மெட்ராஸில் இந்தத் தப்பைச் செய்யவில்லை.

சில மாதத்தில் எண்ணெய் வயல்கள் ஜப்பான் கைக்கு வந்தன. வயலிலிருந்து எண்ணெய் வீட்டுக்கு வர வேண்டுமே? டேங்கர் வேண்டும். டேங்கருக்குக் காவல் வேண்டும். காவல் போவது வீரனுக்கு அழகில்லை என்கிற மாதிரி இருந்துவிட்டார்கள். எஸ்கார்ட் வேலைக்கென்று பெரிய தலைமையகம் அமைத்ததே 1943 நவம்பரில்தான். அதே காலத்தில் உலகத்திலேயே பெரிய போர்க்கப்பல் யமாட்டோ, 46 சென்டிமீட்டர் பீரங்கியை வைத்துக்கொண்டு, ‘அந்த ஒரு சண்டை’க்காக ட்ரக் தீவில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. வசதிகளைப் பார்த்து மற்றக் கப்பல்காரர்கள் வைத்த பேர், ‘யமாட்டோ ஹோட்டல்’.

போர் தொடங்கும்போது ஜப்பானிடம் இருந்த வணிகக் கப்பல்கள் சுமார் 60 லட்சம் டன். போர்க்காலத்தில் கட்டியதும் பிடித்ததும் சேர்த்து 80 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கியது. பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளின் கைவரிசை. இத்தனைக்கும் முதல் இரண்டு வருஷம் அவர்களுடைய டார்பிடோ பாதி நேரம் வெடிக்கவே வெடிக்காது. அமெரிக்கக் கடற்படையின் ஆள் கணக்கில் நீர்மூழ்கிக்காரர்கள் இரண்டு சதவீதம்கூட இல்லை. அவர்களிலும் 3,500 பேர் திரும்பவில்லை, 52 நீர்மூழ்கிகள் போயின. 1945 தொடக்கத்தில் தெற்கிலிருந்து ஜப்பானுக்கு எண்ணெய் வருவது நின்றே போனது. பள்ளிப் பிள்ளைகளைவிட்டு பைன் மர வேரைத் தோண்டி, காய்ச்சி, எரிபொருள் எடுக்கப் பார்த்தார்கள். ஏப்ரல் 7 அன்று யமாட்டோ கடைசியாகக் கிளம்பி, சுமார் 3,000 பேரோடு விமானத் தாக்குதலில் மூழ்கியது. எதிரிக் கப்பல் எதுவும் அதன் கண்ணில்கூடப் படவில்லை.

இந்தப் பேலன்ஸ் ஷீட்டில் எனக்கு உறுத்துவது இன்னொரு எண். ஜப்பானிய வணிகக் கப்பல் மாலுமிகள் 60,000 பேருக்கு மேல் செத்தார்கள். விகிதம் பார்த்தால் ராணுவத்தையும் கடற்படையையும்விட அதிகம். துப்பாக்கி பிடிக்கச் சேர்ந்தவர்கள் இல்லை இவர்கள்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருந்தார். எண்ணெய்க் கப்பலில் பம்ப்மேன். ஈரானும் இராக்கும் 1984 முதல் 88 வரை ஒருவர் டேங்கரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்த நாட்களில் பெர்ஷிய வளைகுடாவுக்குள் போய்வந்தவர். பல வருஷம் கழித்து அவரிடம் கேட்டேன்.

“பயமா இல்லையா அண்ணாச்சி?”

“பயந்தா வீட்டுக்கு யாரு துட்டு அனுப்புவா? அந்தப் பக்கம் போனா டபுள் சம்பளம்லா.” கொஞ்ச நேரம் கழித்து அவராகவே சொன்னார். “நம்மளச் சுடுதவனுக்கு நம்ம மேல கோவமே கெடயாது தம்பி. வயித்துக்குள்ள கெடக்க எண்ணெய் மேலதான் அவனுக்குக் கோவம்.”

மஹனின் 500 பக்கத்துப் புத்தகத்தில் அட்மிரல்களுக்குக் குறைச்சலே இல்லை. முதல் அத்தியாயத்துக்குப் பிறகு அண்ணாச்சிக்கு இடம் இல்லை.

மஹன் ரசிகர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். நியாயமான பதில். அமெரிக்க நீர்மூழ்கிகள் சாதித்தது எப்படி? பெரிய கப்பல் படை சண்டை போட்டு, தீவுகளைப் பிடித்து, கிட்டத்தில் தளம் அமைத்துக் கொடுத்ததால்தானே? எம்டன் என்ன ஆனது? 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடிபட்டுக் கரை தட்டியது. பின்னால் துணைக்குப் படை இல்லாத ஒற்றை வேட்டைக்காரன் ரொம்ப நாள் தாங்கமாட்டான் என்று மஹன் சொன்னது சரிதானே? ஜெர்மன் நீர்மூழ்கிகளும் இரண்டு உலகப் போரிலும் தோற்றுத்தானே போயின?

சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவை எப்படித் தோற்றன? 1917 ஏப்ரல் ஒரே மாதத்தில் எட்டு லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்கள் போன பிறகு, பிரிட்டிஷ் கடற்படை வேண்டா வெறுப்பாகச் சரக்குக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, கூடவே காவல் போனது. கான்வாய். நீர்மூழ்கியை ஜெயித்தது அதுதான். மாபெரும் சண்டை ஒன்றும் இல்லை, ஆட்டு மந்தைக்குக் காவல் போகிற வேலை. அந்த வேலையை இழிவாக நினைக்க அதிகாரிகளுக்குக் கற்றுக்கொடுத்ததில் மஹனின் இரண்டாவது புத்தகத்துக்குப் பங்கு உண்டு என்பதே என் குற்றச்சாட்டு.

இதை அப்போதே சொன்ன ஒருவர் இருக்கிறார். ஜூலியன் கார்பெட். இங்கிலாந்துக்காரர். வக்கீலுக்குப் படித்து, நாவல் எழுதி, அப்புறம் கடற்படைச் சரித்திரத்துக்கு வந்தவர். 1911-ல் அவர் எழுதிய புத்தகத்தின் சாரம்: மனிதன் வாழ்வது தரையில், அதனால் முடிவும் தரையில்தான். கடலில் கைப்பற்ற இடம் எதுவும் இல்லை, வழியை வைத்துக்கொள்வதும் அடைப்பதும்தான் உண்டு. எளிமையான விஷயம். அட்மிரல்களுக்குப் பிடிக்கவில்லை. முதல் உலகப் போரின் கடற்படை வரலாற்றை அரசுக்காக அவர் எழுதியபோது, சண்டையைத் தேடிப் போவதன் முக்கியத்துவத்தை இவர் குறைக்கிறார், எங்களுக்கு இதில் உடன்பாடில்லை என்று அட்மிரால்ட்டி அந்த நூலிலேயே ஒரு குறிப்பு அச்சடித்தது. அந்தத் தொகுதி வந்தபோது கார்பெட் உயிரோடு இல்லை. எழுத்தாளனாக, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது. இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எவருக்குக் கிடைக்கும்?

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியவில்லை. 2022 ஏப்ரல் 14 அன்று ரஷ்யாவின் கருங்கடல் படைத் தலைமைக் கப்பல் மாஸ்க்வா மூழ்கியது. அடித்த உக்ரைனிடம் கப்பல் படை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து அவர்கள் தங்கள் கரையோரமாகவே தானியக் கப்பல்களுக்கு ஒரு வழி திறந்துகொண்டார்கள். 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதிகள் செங்கடலில் சரக்குக் கப்பல்களை அடித்தார்கள். பெரிய பெரிய கம்பெனிகள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. இன்ஷூரன்ஸ் பிரீமியம் பல மடங்கு ஏறியது. உலகின் மிகப் பெரிய கடற்படை பக்கத்திலேயே நின்றது. 2024 மார்ச்சில் ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ என்ற சரக்குக் கப்பலில் விழுந்த ஏவுகணைக்கு மூன்று பேர் பலி. இரண்டு பிலிப்பைன்ஸ்காரர், ஒரு வியட்நாம்காரர். அண்ணாச்சியின் ஆட்கள்.

மஹன் இறந்தது 1914 டிசம்பர் 1. எம்டன் கரை தட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது.

புத்தகத்தைப் படிக்கலாமா என்றால், தாராளமாக. காப்புரிமை எப்போதோ காலாவதி, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள். நடுவே உள்ள கப்பல் வரிசைப் படங்களை நிம்மதியாகத் தாண்டலாம். யார்க்டவுனுக்காகப் பத்தாவதும், சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், கடலூருக்காகப் பன்னிரண்டாவதும் அவசியம். என் பிளாட்பாரப் பிரதியில் முன்பு யாரோ பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படித்திருக்கிறார். எல்லாக் கோடும் சண்டைப் பக்கங்களில்தான் இருக்கிறது.